எது முன்னால் வருகிறதோ

யோகம்மாவுக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்ற செய்தி லோரோங் எனப்படும் அந்தச் சந்தின் முனை வீட்டில் கிளம்பிக் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், அந்த ஆளுக்குத் தாடி முளைத்து, தஞ்சோங் பூங்கா பகுதியில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடும் வந்துவிட்டிருந்தது. உண்மையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் யோகம்மாவின் பாடு இவ்வளவு மோசமாகப் போயிருக்காது.

ஜாலான் பேராக்கிலிருந்து உள்ளே திரும்பும் அந்தக் குறுகிய லோரோங்கில், மத்தியான வெயிலுக்கு நாய்கூட வற்றிய சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும் நேரத்தில், அறுபத்தெட்டு வயது யோகம்மா முகத்துக்குப் பவுடர் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வெள்ளைக் காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு வெளியே போவாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புவாள். கையில் மீன் பை இருக்காது. நெற்றியில் கோயில் விபூதி இருக்காது. இறங்கும்போது முகத்தில் ஒரு திருப்தி மட்டும் இருக்கும். அந்தத் திருப்தியைத்தான் லோரோங்கால் தாங்க முடியவில்லை.

“பசாருக்குன்னா பை வேணும். கோயிலுக்குன்னா பூ வேணும். ரெண்டும் இல்லாம ஒரு பொம்பளை வெயில்ல எங்க லா போவா?” என்று கேட்டாள் அடுத்த வீட்டு ரூபினி. கேட்டுவிட்டு, பதிலையும் அவளே வைத்திருந்தாள். தாடி அவள் ஒட்டியதுதான்.

யோகம்மாவும் லேசுப்பட்டவள் அல்ல. சிலோன்காரக் குடும்பம். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தாலும் பாட்டன் கொண்டுவந்த யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கீழே போடாமல் காப்பாற்றி வந்தவள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கவுண்டருக்கு வந்தவர்களை, ‘விதியில் அப்படி இல்லை’ என்ற மூன்றே வார்த்தையில் திருப்பி அனுப்பிய நாக்கு அது. ஓய்வு பெற்ற பிறகு அந்த நாக்குக்கு லோரோங்தான் கவுண்டர். யார் வீட்டுப் பெண் எந்தப் பரீட்சையில் தவறினாள், யார் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் புளித்தது என்று வேலிக்கு மேலாகவே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். புருஷன் குலசேகரம் பென்ஷன் வாங்கத் தொடங்கிய கையோடு போய்ச் சேர்ந்ததே அந்த வாய்க்குப் பயந்துதான் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்பவர்களில் ரூபினி முதல் ஆள்.

யோகம்மாவுக்கு ஒரே மகன், சிவகரன். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் நல்ல உத்தியோகம். எந்த மெஷினை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது திறந்து எண்ணெய் மாற்ற வேண்டும், பழுதாகும் முன்பே எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அட்டவணை போடுகிறவன். கீர்த்திகாவைக் கட்டிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டில் வீடு வாங்கிப் போனான். தீவையும் கரையையும் இணைக்கும் கடல் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிற தூரம்தான். ஆனால் லண்டனுக்குப் போன பிள்ளைகளாவது தீபாவளிக்கு ஒரு தடவை வருகிறார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் போனவனுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற தைரியம், அதனால் வராமலே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். “இந்த வாரம் வாறியே?” என்று கேட்பாள். “பார்க்கலாம்மா” என்பான். பார்க்கலாம் என்றால் அந்த வாரம் பார்க்க முடியாது என்று அர்த்தம்.

வெள்ளைக் கார் அவன் வாங்கிக் கொடுத்ததுதான். பழைய கார் போன பிறகு யோகம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக அவன் லீவு போட வேண்டியிருந்ததால், யோசனை கீர்த்திகாவிடமிருந்து வந்ததாக லோரோங்கில் பேச்சு. “அத்தைக்குத்தான் நல்லா ஓட்டத் தெரியுமே, ஒரு கார் இருந்தா யாரையும் எதிர்பார்க்க வேணாம்” என்றாளாம். யாரை எதிர்பார்க்க வேண்டாம் என்பதை அவள் விளக்கவில்லை. யோகம்மாவும் கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, லோரோங்கில் எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தாள். ரூபினி வீட்டுக்கு மட்டும் அடிப்பிடித்த பக்கம் போனதாக ரூபினி இன்றைக்கும் சொல்வாள்.

மாதம் ஒன்று ஆனதும் முதல் சர்வீஸ் வந்தது. நண்பன் ஒருவன் வேலை செய்கிறான் என்பதால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் இருந்த சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும் என்று சிவகரன் ஏற்பாடு செய்திருந்தான். யோகம்மா நாற்பது வருடமாகக் கார் ஓட்டுகிறாள், ஆனால் பாலத்தில் ஓட்டியதில்லை. நடுக்கடலில் காற்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும் என்று பயம். முன்பெல்லாம் காரை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு போவாள். இப்போது ஃபெரியில் ஆளும் மோட்டார்சைக்கிளும்தான் போகலாம், காரை ஏற்றுவதில்லை. ஆகவே மகனே வர வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை காலை ஃபெரியில் வந்து இறங்கினான். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டான். காரை எடுத்துக்கொண்டு பாலத்து வழியாகப் போனான். பின்னேரம் காரோடு திரும்பி வந்து சோறும் நண்டுக் கறியும் சாப்பிட்டான். சோபாவில் கால் நீட்டி ஒரு குட்டித் தூக்கம் போட்டு, இருட்டும் நேரத்துக்கு ஃபெரிக்குப் போனான். ஒரே நாளில் இரண்டு வேளைச் சாப்பாடு. கல்யாணத்துக்குப் பிறகு மகன் அந்த வீட்டில் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை.

போகும்போது, காரின் முன்கண்ணாடி மூலையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டிச் சொன்னான். “அடுத்தது ஐயாயிரம் கிலோமீட்டர், இல்லாட்டி ஆறு மாசம். எது முன்னால வருதோ அதுதான் கணக்கு. தவறவிட்டா வாரண்டி போயிடும்.”

“கிலோமீட்டர் முன்னால வந்தால்?”

“நீங்க எங்கம்மா ஐயாயிரம் ஓட்டப் போறீங்க? பசாருக்கும் கோயிலுக்கும் போனா ரெண்டு வருஷம் ஆகும்” என்று சிரித்தான். “ஆறு மாசம்தான். பொங்கல் நேரத்துல வந்து எடுத்துக்கிறேன்.”

பொங்கல். அப்போது ஆடி மாதம்.

அன்று யோகம்மா சாப்பாட்டு மேசையைத் துடைத்தபடி யோசித்தாள். முப்பத்தைந்து வருடம் விதிகளோடு குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு விதியில் எந்த வார்த்தை முக்கியம் என்று தெரியும். ‘எது முன்னால் வருகிறதோ.’ மாதத்தை யாராலும் முடுக்க முடியாது. கிலோமீட்டரை முடுக்கலாம். அதற்கு வேண்டியது பெட்ரோலும் பொறுமையும்தான். பென்ஷனில் பெட்ரோல் கட்டும். பொறுமை, மகனைப் பெற்ற நாளிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறது.

மறுநாள் மத்தியானமே கிளம்பிவிட்டாள்.

ஜெலுத்தோங் கடலோரச் சாலையில் பாலம் வரை போவாள். பாலத்தில் ஏறாமல் பாயான் லெப்பாஸ் பக்கம் போய்த் திரும்புவாள். மீட்டர் போதவில்லை என்று தோன்றினால் பாடாங் கோத்தாவில் மணிக்கூண்டைச் சுற்றி வருவாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கோட்டைச் சுவர், கடல், மணிக்கூண்டு. மறுபடி கோட்டைச் சுவர். எங்கேயும் இறங்க மாட்டாள். இறங்கினால் மீட்டர் நின்றுவிடும். ஏர்கோன் சில்லென்று வீச, மகன் வரும் நாளில் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டுவாள். முகத்தில் அந்தத் திருப்தி வந்தது அப்படித்தான். தாடிக்காரர் யாரும் தந்தது அல்ல.

பொங்கலுக்கு வரவேண்டிய சர்வீஸ் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது.

சிவகரன் வந்தான். மீட்டரைப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

“அம்மா, எங்க போறீங்க இவ்வளவு?”

யோகம்மா இதற்குத் தயாராகத்தான் இருந்தாள். “ஐனாவைத் தெரியுந்தானே, என்னோட ஒஃபிஸில இருந்தவள். பாலிக் பூலாவில இருக்கிறாள். முழங்கால் ஏலாது, பாவம். கிழமைக்கு மூன்று நாலு தரம் போய்ப் பார்த்திட்டு வாறன்.”

ஐனா மகளோடு ஷா ஆலமுக்குப் போய் வருடக்கணக்கு ஆகிறது. அது சிவகரனுக்குத் தெரியாது. அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே போனில் கீர்த்திகாவிடம் சொன்னான். யோகம்மா ரசத்தை எடுத்துக்கொண்டு வரும்போது காதில் விழுந்தது.

“நாமதான் அம்மா தனியா இருக்காங்கன்னு கவலைப்பட்டோம். அவங்க செம பிஸி லா. ஊரெல்லாம் சுத்துறாங்க. ஆமா, தீபாவளிக்கு ஈப்போ போயிடலாம். அம்மா ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.”

அப்படியாக, மகனை வரவழைத்ததை மறைக்கச் சொன்ன பொய்யே தீபாவளிக்கு அவனை ஈப்போவுக்கு, மாமியார் வீட்டுக்கு அனுப்பி வைத்தது. யோகம்மா ரசத்தை மேசையில் வைத்தாள். ஒன்றும் நினைக்காத முகத்தோடு வைத்தாள்.

மனசில் புளித்ததை எங்கேயாவது கொட்ட வேண்டுமே. மறுநாள் காலை, அடுத்த வீட்டு வாசலில் அகப்பட்டாள் ரூபினி. ரூபினியின் மகன் ஜெயராஜ் வேலை பார்த்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து ஹாலில் படுத்து போனில் விளையாடிக்கொண்டிருந்தான். எதிர் வீட்டு நூர்ஜானும் வாசலில் நின்றாள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் யோகம்மாவின் குரல் ஏறியது.

“என்ர மகனுக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் கார் சர்வீஸ் எண்டால் தானே வந்து நிப்பான். வேறு ஆளிட்ட விடமாட்டான்.” ஒரு மூச்சு நிறுத்தினாள். “ஆனால் நீ குடுத்து வைச்சனி, ரூபினி. உன்ர மகன் உன்னைப் பார்க்க எங்கயிருந்தும் வரத் தேவையில்லை. சோபாவை விட்டு எழும்பினால்தானே திரும்பி வாறதுக்கு.”

நூர்ஜான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வீட்டுக்குள்ளே ஜெயராஜின் போன் விளையாட்டுச் சத்தம் நின்றது.

ரூபினியும் சிரித்தாள். “சரியா சொன்னீங்க அக்கா” என்றாள். வாளித் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவளை அறிந்தவர்கள் யோகம்மாவை அன்றே எச்சரித்திருக்க வேண்டும். ஆனால் லோரோங்கில் யார் எச்சரிப்பார்கள்? நடக்கப் போவதைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை.

நூர்ஜானின் புருஷன் ஹனீபாவுக்குப் பாடாங் கோத்தாவில் சாப்பாட்டுக் கடை. ஒரு நாள் மத்தியானம் ஜெயராஜுக்கு நாசி கண்டார் வாங்கப் போன ரூபினி, குழம்பு ஊற்றும் இடைவெளியில் விஷயத்தைப் போட்டாள்.

“எங்க பக்கத்து வீட்டு யோகம்மா அக்கா இந்தப் பக்கம் வருவாங்களா அண்ணே? கூட யாராச்சும் இருப்பாங்களா?”

“அந்த வெள்ளைக் காரா? தினம் பார்க்கிறேனே” என்றார் ஹனீபா. “கூட யாரும் கிடையாது. மணிக்கூண்டையே சுத்திக்கிட்டு இருக்கும் அந்தம்மா. பார்க்கிங் கிடைக்கலையோன்னு நினைச்சு ஒரு நாள் கைகாட்டி நிறுத்தினேன். இறங்குங்க, ஒரு டீ சாப்பிட்டுப் போங்கன்னேன். கார் கண்ணாடியைக் கொஞ்சமா இறக்கி, ‘நேரமில்லை ஹனீபா, இன்னும் கொஞ்சம் ஓடணும்’னுட்டுப் போயிட்டாங்க.”

“என்ன ஓடணும்?”

“அதை நான் எங்க கேட்டேன். கோழியா, இறைச்சியா?”

ரூபினி பொட்டலத்தோடு பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தாள். இன்னும் கொஞ்சம் ஓடணும். சர்வீஸ் எண்டால் தானே வந்து நிப்பான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விஷயம் திறந்துகொண்டது. முதலில் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். ஆள் இல்லை. தாடி இல்லை. தஞ்சோங் பூங்கா வீடு இல்லை. இத்தனை மாதம் கட்டிக் காத்த கதையில் கடைசியில் இருந்தது சிம்பாங் அம்பாட்டில் ஒரு மகன்.

லோரோங்குக்கு இதைக் கேட்டு இரக்கம் வரவில்லையா என்றால், வந்தது. நூர்ஜான் ‘அடப் பாவமே’ என்றுகூடச் சொன்னாள். ஒரு நிமிடம் இருக்கும். அதற்குப் பிறகு சிரிப்பு வந்தது. “நாமெல்லாம் புள்ளை வரணும்னா நவக்கிரகத்தைச் சுத்துறோம், அந்தக்கா மணிக்கூண்டைச் சுத்துறாங்க” என்றாள் ரூபினி. அன்றிலிருந்து வெள்ளைக் கார் வெளியே போகும்போதெல்லாம், ‘பிரதட்சணம் கிளம்பிருச்சு’ என்று வீட்டுக்கு வீடு தகவல் போயிற்று. யோகம்மா கையசைத்துவிட்டுப் போவாள். எல்லோரும் கையசைப்பார்கள்.

தைப்பூசம் கழிந்து மூன்றாவது சர்வீஸ் வந்தது.

சனிக்கிழமை காலை யோகம்மா அடுப்படியில் இடியப்பத் தட்டைத் திறந்து ஆவியை ஊதிக்கொண்டிருந்தாள். வாசலில் டாக்ஸி வந்து நிற்கும் சத்தமும், மகனின் குரலும், கூடவே ரூபினியின் குரலும் கேட்டன. ரூபினி அன்றைக்கு விடிந்ததிலிருந்தே வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள். லோரோங்கிலேயே சுத்தமான வாசல் அன்று அவளுடையதுதான்.

“என்ன தம்பி, சர்வீஸா? அதுக்குள்ளயா?”

“ஆமாக்கா. அம்மா நிறைய ஓட்டுறாங்க. பாலிக் பூலாவுல கூட்டாளி இருக்காங்க.”

“பாலிக் பூலாவா?” ரூபினியின் குரலில் சர்க்கரை. “அங்க எப்ப தம்பி போனாங்க? பாடாங் கோத்தா மணிக்கூண்டைத்தானே சுத்துறாங்க. எங்க ஹனீபா அண்ணன் கடைக்கு முன்னாலதான். தினமும். வெயில்ல. நீங்க சர்வீஸுக்கு மட்டும்தான் வருவீங்கன்னு, மீட்டரை ஏத்துறாங்க தம்பி. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன் லா. தெரியாதா?”

யோகம்மாவின் கையில் இடியப்பத் தட்டு சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

சிவகரன் உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள். இரண்டு இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் ஊறப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தக்கா சொல்றது நிஜமா?”

“அவளின்ர கதையைக் கேட்டுக்கொண்டு.”

“அம்மா.”

யோகம்மா சொதிச் சட்டியை மூடினாள். “ஓம்” என்றாள்.

“பெட்ரோல் வீண், டயர் வீண், வெயில்ல இந்த வயசுல… எங்க ஃபேக்டரியில ஒரு மெஷினை சும்மா ஓடவிட்டா என்ன செய்வாங்க தெரியுமா? என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க.” அவனுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. கணக்குப் பிழைத்த காகிதத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். “என்னைப் பார்க்கணும்னா சொல்லியிருக்கலாமே.”

“சொன்னனான்.”

“எப்ப?”

“ஞாயிற்றுக்கிழமை.”

“எந்த ஞாயிறு?”

“எல்லா ஞாயிறும்.”

அவன் போனைக் கையில் எடுத்து, திரையைப் பார்த்து, மறுபடி வைத்தான். இடியப்பம் சொதியில் கரைந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து, அவள் தோளில் கை வைத்தான். சின்னப் பிள்ளையாய் இருந்த காலத்துக்குப் பிறகு அவன் அப்படிக் கை வைத்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

“சரிம்மா. விடுங்க. தப்பு என் மேலதான். இதை இன்னைக்கே நான் சரி பண்றேன். இனிமே நீங்க இப்படி வெயில்ல சுத்தவே வேணாம்.”

சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

யோகம்மா வாசலில் நின்று, கார் முனை திரும்பும்வரை பார்த்தாள். சரி பண்றேன் என்றான். வெயிலில் சுற்ற வேண்டாம் என்றான். அப்படியென்றால் என்ன? கிலோமீட்டரும் வேண்டாம், மாதமும் வேண்டாம், சும்மாவே வருவான் என்றுதானே? விதிகளை வரிக்கு வரி பிரித்துப் படித்த அந்தத் தலைமைக் குமாஸ்தாவுக்கு அன்று வேறு அர்த்தமே தோன்றவில்லை.

ரூபினி துடைப்பத்தோடு நின்றாள், அழுகையை எதிர்பார்த்து. யோகம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீ சொன்னது நல்லதாப் போச்சு ரூபினி. எனக்கு வாய் வரேல்லை. எல்லாத்தையும் சரி பண்றன் எண்டு போயிருக்கிறான்.”

ரூபினியின் துடைப்பம் ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்துக்காக யோகம்மா டாக்ஸி பிடித்துச் சௌராஸ்தா பசாருக்குப் போனாள். இருப்பதிலேயே கனமான நண்டுகளாக, காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினாள். தேங்காய்ப்பால் பிழிந்தாள். முருங்கையிலை போட்டாள். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்தாள். வாசம் மதிலைத் தாண்டிப் போகட்டும் என்று ஜன்னல் கதவுகளையும் திறந்து வைத்தாள். வாசம் போயிற்று. லோரோங் முழுக்க அன்று பின்னேரம் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் வெளியே கிளம்பவில்லை.

வெயில் தாழ்ந்த நேரம் வெள்ளைக் கார் வந்து நின்றது. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. யோகம்மா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காரிலிருந்து இறங்கியவர், சர்வீஸ் சென்டர் சட்டை போட்ட, தொப்பை விழுந்த, ஐம்பது வயதுக்காரர்.

“யோகம்மாங்களா? கார் ரெடிம்மா. என் பேரு மோகனராஜ்.”

யோகம்மா அவரைத் தாண்டிப் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். பின் சீட்டையும் பார்த்தாள்.

“மகன் வரேல்லையோ?”

“அவருக்கு இனி அந்தத் தொந்தரவே இல்லைம்மா.” மோகனராஜ் நல்ல சேதி கொண்டுவந்தவரின் முகத்தோடு சாவியை நீட்டினார். “பிக்-அப் சர்வீஸ் எடுத்துட்டார். வாரண்டி முடியுறவரைக்கும். வந்து காரை எடுக்கிறதும் நான்தான், கொண்டுவந்து விடுறதும் நான்தான். அம்மா நிறைய ஓட்டுவாங்கன்னு சொன்னார். நீங்க எவ்வளவு வேணும்னாலும் ஓட்டுங்கம்மா. கணக்கே இல்லை.”

வீட்டுக்குள் போன் அடித்தது. சிவகரன்தான்.

“அம்மா, கார் வந்திருச்சா? பார்த்தீங்களா, எவ்வளவு ஈஸி. இத்தனை நாளா எனக்குத் தோணவே இல்லை. கீர்த்திகாதான் சொன்னா, இதுக்கெல்லாம் ஆள் இருக்கேன்னு.” குரலில், முடங்கிக் கிடந்த மெஷின் ஓடத் தொடங்கிவிட்ட சந்தோஷம். “இனிமே நான் வரணுமேன்னு நீங்க சமைச்சுக் கஷ்டப்பட வேணாம். வெயில்லயும் போக வேணாம். சரிதானேம்மா?”

பின்னால் கீர்த்திகாவின் குரல் கேட்டது: “அத்தைக்கு சந்தோஷமா, கேளுங்க.”

“சந்தோஷம் எண்டு சொல்லு” என்றாள் யோகம்மா. போனை வைத்தாள்.

வெளியே மோகனராஜ், ஃபெரிக்குப் போக எந்த பஸ் என்று ரூபினியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ரூபினி பஸ் நம்பரைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“உள்ளுக்கு வாங்க” என்றாள் யோகம்மா.

“பரவாயில்லைம்மா, நேரமாச்சு—”

“சாப்பிட்டுப் போகலாம். வாங்க எண்டு சொல்லுறன்.”

அரசாங்க கவுண்டரின் குரல் அது. மோகனராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். சிவகரனின் நாற்காலியில் உட்கார வைத்தாள். சிவகரனின் தட்டைப் போட்டாள். சோற்றைக் குவித்து, நண்டின் பெரிய காலை எடுத்து வைத்தாள். அவர் தயங்கித் தயங்கி ஒரு வாய் வைத்தார், அப்புறம் தயங்கவில்லை. யோகம்மா திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ரூபினியின் தலை தெரிந்தது. பக்கத்தில் நூர்ஜானின் தலை.

வந்தவர் யார் என்று அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தும், “சிவா” என்றாள் யோகம்மா, லோரோங்குக்குக் கேட்கிற மாதிரி. “இன்னும் ரெண்டு கால் போடட்டே?”

மோகனராஜ் நிமிர்ந்தார். “அம்மா, நான் மோகனராஜ்.”

“சாப்பிடுங்க” என்றாள் மெல்ல. மறுபடி உரக்க, “கனநாளைக்குப் பிறகு ஆறுதலாச் சாப்பிடுறாய், சிவா.”

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரூபினி கூப்பிட்டாள்.

“என்ன சிவா தம்பி, அம்மா நண்டுல சத்தமே போயிருச்சா? எப்படி இருக்கு சாப்பாடு?”

மோகனராஜ் யோகம்மாவின் முகத்தைப் பார்த்தார். மேசை விளிம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். ஏதோ புரிந்திருக்க வேண்டும். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததால்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, பல வருடம் சிகரெட் பிடித்துக் கரகரத்துப்போன தொண்டையில், மகனைப் போலக் குழைந்து, “ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி” என்று குரல் கொடுத்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. நூர்ஜான் ‘யா அல்லா’ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள்ளேயிருந்து ஜெயராஜ் சிரிக்கும் சத்தம்கூடக் கேட்டது. அவன் சோபாவை விட்டு எழுந்து ஜன்னலுக்கு வந்திருந்தான்.

யோகம்மா ஜன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து, மீதி நண்டையெல்லாம் மோகனராஜின் தட்டில் போட்டாள்.

“போதும்மா.”

“அடுத்த சர்வீஸ் எப்ப?”

“அது உங்க கையிலதாம்மா இருக்கு” என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி. “எவ்வளவு சீக்கிரம் ஓட்டுறீங்களோ.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் லோரோங்கில் எல்லா ஜன்னலிலும் ஆள் இருந்தது. போகாது என்றாள் நூர்ஜான். போகும் என்றாள் ரூபினி. நாய் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்த நேரத்துக்குக் கேட் திறந்தது. யோகம்மா பவுடர் போட்டிருக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியும் இல்லை. காரை ரிவர்ஸ் எடுத்து, ரூபினி வீட்டு வாசலுக்கு நேராக வந்து கியர் மாற்றினாள்.

“யாருக்கு அக்கா இன்னைக்கு?” என்று கேட்டாள் ரூபினி. “சிவாவுக்கா, மோகனராஜுக்கா?”

வீட்டுக்குள் ஞாயிற்றுக்கிழமைப் போன் அடித்துக்கொண்டிருந்தது. யோகம்மா கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடாங் கோத்தா பக்கம் திருப்பினாள்.